மாடிப்படியில் சொன்னது

ஜவுளிக்கடையில் எதுவும் பிடிக்காமல் எழுந்துபோகக் கூச்சப்படுகிறவர்கள் ஒரு தந்திரம் செய்வார்கள். இதே பார்டரில் வேறு நிறம் இருக்கிறதா என்று கேட்பார்கள். இல்லை என்று பதில் வரும், நாம் கழன்றுகொள்ளலாம் என்று ஒரு கணக்கு. சில கடைக்காரர்கள் விடாக்கண்டர்கள். கிடங்குக்கு ஆள் அனுப்பி, கேட்ட நிறத்தைக் கொண்டுவந்து முன்னால் விரித்துவிடுவார்கள். அப்போது நாம் முழிக்கிற முழியைக் காணச் சகிக்காது. நம்மாள் செய்ததும் அவ்வளவுதான். கேட்டது புடவை இல்லை என்பதுதான் வித்தியாசம்.

நம்மாள் என்றே சொல்லிவிடுகிறேன். அவருடைய உத்தியோகத்தில் பெயர் என்பது சட்டை மாதிரி, வேலைக்கு வேலை மாற்றிக்கொள்வது. முன்பு சொந்த நாட்டில் விமான நிலையச் சுங்கத்தில் இருந்தவர். காலுறையில் சுற்றிய ஆமைகளையும் பிளாஸ்டிக் குழாயில் திணித்த கிளிகளையும் பெட்டி பெட்டியாக எடுத்துப்போட்டு அலுத்துப்போய், தூக்கிக்கொண்டு வருகிறவனைப் பிடித்து என்ன புண்ணியம், அனுப்புகிறவனை அல்லவா பிடிக்க வேண்டும் என்று நாலு பேர் காதுபடப் புலம்பிக்கொண்டிருந்தார். ஒருநாள் அது சரியான காதில் விழுந்தது. காட்டு உயிர்களைத் திருட்டுத்தனமாக விற்கிறவர்களைத் துப்பறியும் அமைப்பு ஒன்று அவரைக் கடல் கடந்து கூட்டிப்போய் வேலை கொடுத்தது. மனைவியும் மகளும் ஊரிலேயே இருந்தார்கள். மகளுக்கு மூச்சிளைப்பு, இடம் மாற்றினால் ஒத்துக்கொள்ளாது.

அவரைக் கூட்டிப்போனதற்குக் காரணம் அவருடைய மூளை இல்லை, மொழி. அங்கே பிடிபட வேண்டிய ஆட்களில் சிலர் தமிழ் பேசுகிறவர்கள்.

ஒரு கிளி வியாபாரியையும் யானைத் தந்தம் விற்றவனையும் உள்ளே அனுப்பிய பிறகு நம்மாளிடம் ஒப்படைத்த ஆள் ஒரு தையல்காரர். பெரிய சாலையிலிருந்து பிரிகிற ஒரு சந்தில், சாவி செய்கிற கடைக்கும் சலவைக்கடைக்கும் நடுவில் அவருடைய கடை. கால்சட்டை நீளம் குறைப்பார், ஜிப் மாற்றுவார், கிழிந்த கோட்டுக்கு உள்துணி போடுவார். மனைவி பக்கத்தில் உட்கார்ந்து காஜா எடுப்பார், பொத்தான் தைப்பார். கடைக்கு மேலேயே வீடு. இதெல்லாம் ஊரறிந்தது. ஊரறியாதது, மெல்லிய பின்னல் துணியில் கழுத்துக்கு ஒரு நாடா வைத்து அவர் தைத்த சின்னச் சின்ன உறைகள். அதற்குள் ஒரு விலங்கைக் கைகால் மடக்கிப் போட்டுவிட்டால் அது கீறாது, துள்ளாது, அதிகம் கத்தவும் முடியாது. கோட்டுக்கு உள்பக்கம் தொங்கவிட்டுக்கொண்டு ஒரு மனிதன் விமானமே ஏறிவிடலாம்.

அவர் கையில் அதிகம் புழங்கியது தேவாங்கு. நம் வீடுகளில் ஒல்லியாக, கண் பெரிதாக ஒரு பிள்ளை இருந்தால் அதற்குத் தேவாங்கு என்று பெயர் விழாமல் இருக்காது. நம்மாளுக்கும் சின்ன வயதில் விழுந்திருந்தது. அந்தப் பாவப்பட்ட பிராணியைப் பணக்காரர்கள் செல்லமாக வளர்க்கக் கேட்கிறார்கள். கிச்சுக்கிச்சு மூட்டினால் இரண்டு கையையும் தூக்குகிறதாம், அதைப் படம் பிடித்து ஊருக்கெல்லாம் காட்டிச் சிரிக்கிறார்கள். பயத்தில் தூக்குகிறது என்று சொன்னால் யார் கேட்கப்போகிறார்கள்.

வாங்க வந்த வியாபாரியாகப் போய்ப் பழக வேண்டும் என்பதுதான் நம்மாளுக்குக் கொடுத்த வேலை. பேச்சைப் பதிவு செய்யும் கருவியைச் சட்டைப் பொத்தானில் வைத்துத் தருகிறோம் என்றார்கள் அலுவலகத்தில். தையல்காரன் முதலில் பார்ப்பதே பொத்தானைத்தான் ஐயா என்று இவர் தலையில் அடித்துக்கொண்டார். பிறகு சாவிக்கொத்தில் வைத்தார்கள். அந்த நாட்டுச் சட்டப்படி வீட்டு வாசலைத் தாண்டி வெளியே வந்தால் அதை அணைத்துவிட வேண்டும். மாடிப்படி எல்லோருக்கும் பொது, அங்கே போகிற வருகிறவர் பேச்சையெல்லாம் பதிவு செய்யக் கூடாது.

இன்னும் இரண்டு விதிகள் உண்டு. சொல்கிற பொய்யில் முக்கால்வாசி உண்மையைக் கலந்துவிடு, அப்போதுதான் உளறாமல் இருப்பாய் என்பது ஒன்று. இருப்பதைப் பார்க்கலாம், விலை விசாரிக்கலாம், ஆனால் இல்லாததைக் கொண்டுவரச் சொல்லக் கூடாது என்பது இன்னொன்று. நாம் கேட்டதால் ஓர் உயிரைக் காட்டிலிருந்து பிடித்தார்கள் என்று ஆகிவிட்டால், பிடிக்க வைத்தவர்களே நாமாகிவிடுவோம். கோர்ட்டிலும் அந்தக் குற்றம் நிற்காது. இந்த இரண்டாவது விதியை அவருடைய மேலதிகாரி வாரத்துக்கு ஒருமுறை ஒப்பிக்க வைப்பார். அறிக்கைகளைச் சிவப்புப் பேனாவால் திருத்துகிற அந்த அம்மாளுக்கு அலுவலகத்தில் டீச்சர் என்று பெயர்.

முதல் விதியை நம்மாள் தாராளமாகவே பின்பற்றினார். தன் மகளை அப்படியே எடுத்துப் பொய்க்குள் வைத்தார். அவளுடைய இளைப்பு, ராத்திரி உட்கார்ந்தபடியே தூங்குவது, ஓடி விளையாடுகிற பிள்ளைகளைச் சன்னலோரம் நின்று பார்ப்பது எல்லாவற்றையும் சொன்னார். தையல்காரர் மிஷினை நிறுத்திவிட்டுக் கேட்டார். அவருக்குப் பிள்ளை இல்லை. இரண்டாம் மாதமே ‘சார்’ போய் ‘தம்பி’ வந்துவிட்டது. இவர் ‘அண்ணே’ என்றார், காஜா எடுக்கிறவரை ‘அண்ணி’ என்றார். அண்ணி போட்ட தேநீரைக் குடித்துக்கொண்டு, ஊர்க்கதை பேசிக்கொண்டு, சாவிக்கொத்தை மேசைமேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். ஒருநாள் தையல்காரர் மகளின் அளவு கேட்டார். இவர் மனைவிக்கு போன் போட்டு மார்பளவும் இடுப்பளவும் வாங்கிக் கொடுத்தார். யார் அந்தத் தையல்காரர் என்று மனைவி கேட்டதற்குத் தெரிந்தவர் என்றார். மஞ்சளில் ஒரு கவுன் வந்தது, கழுத்தைச் சுற்றிக் கையாலேயே பின்னிய பூ வேலையோடு. இப்படி வாங்குவதை அலுவலகத்தில் ஒப்படைக்க வேண்டும். இவர் தபாலில் ஊருக்கு அனுப்பிவிட்டார்.

சரக்கைக் காட்டிய நாளுக்கு வருவோம். மேல்வீட்டுக் குளியலறையில், வாளிக்குப் பின்னால் ஒரு கூடையில், வளர்ந்த தேவாங்கு ஒன்று இருந்தது. ஒன்றே ஒன்று. தையல்காரர் அன்றே முடித்துவிடலாம் என்றார். இன்னொரு ஆள் கேட்டுக்கொண்டிருக்கிறான், தம்பிக்கென்று நிறுத்தி வைத்திருக்கிறேன் என்றார். சோதனைக்கான உத்தரவில் கையெழுத்துப் போட வேண்டிய நீதிபதி விடுப்பில் இருந்தார். வாங்குகிற அதிகாரம் இவருக்கு இல்லை. வேண்டாம் என்றால் சரக்கு கைமாறிவிடும், ஆறு மாத உழைப்பு ஆற்றோடு போய்விடும். யோசித்துச் சொல்கிறேன் என்று எழுந்தார், வாசலைத் தாண்டினார், சட்டப்படி சாவிக்கொத்தை அழுத்தி அணைத்தார். தையல்காரர் வழியனுப்பக் கூடவே படியிறங்கி வந்தார். என்ன தம்பி, பிடிக்கலையா என்றார்.

“முத்தினதா இருக்கேண்ணே. என் ஆளுங்க குட்டியாத்தான் கேக்கறாங்க. கையில ஒட்டிக்கிட்டுக் கிடக்குமே, அந்த மாதிரி. இருந்தா சொல்லுங்க. அதுவரைக்கும் இதை யாருக்கும் குடுத்துடாதீங்க, சேத்தே எடுத்துக்கறேன்.”

அவ்வளவுதான். இருக்காது என்று நினைத்துத்தான் சொன்னார். தேடட்டும், அதற்குள் நீதிபதி வந்துவிடுவார் என்று நினைத்தார். உண்மையைச் சொன்னால் நினைக்கவே இல்லை, பேரம் பேசுகிறவன் வாயில் தானாக வருகிற குறை அது. தெருவில் இறங்கி நடந்தபோது சாமர்த்தியமாகச் சமாளித்துவிட்டோம் என்று அவருக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

பத்துப் பன்னிரண்டு நாள் கழித்துத் தையல்காரர் போன் செய்தார். போனில் அவர் எப்போதும் துணி வியாபாரம்தான் பேசுவார். துணி வந்துவிட்டது, வந்து பார் என்றார். உத்தரவும் கைக்கு வந்திருந்தது. சோதனைப் படையைச் சந்து முனையில் நிறுத்திவிட்டு நம்மாள் மேலே ஏறினார். தையல்காரர் முன்னால் நடந்தார். குளியலறைக் கதவைத் திறந்து, விளக்கைப் போட்டு, எப்படி என்பதுபோலப் புருவத்தைத் தூக்கினார். ஒரு தமையன் தம்பிக்கு ஆசைப்பட்டதை வாங்கி வைத்துவிட்டுப் பார்ப்பானே, அந்தப் பார்வை. துவாலை போடும் கம்பியில் வரிசையாக உறைகள் தொங்கின. ஒவ்வொன்றிலும் ஒரு குட்டி. சாவிக்கொத்தில் அப்போது பதிவானது குழாய் சொட்டுகிற சத்தம் மட்டும்தான்.

தேவாங்குக் குட்டி தாயின் வயிற்றை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருக்கும். தாய் உயிரோடு இருக்கும்வரை அதைப் பிரித்தெடுக்க முடியாது. அதனால் காட்டில் பிடிக்கிறவர்கள் பிரிக்கிற சிரமம் வைத்துக்கொள்வதில்லை. இது நம்மாளுக்குத் தெரியும், பயிற்சி வகுப்பில் மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தவரே அவர்தான். கம்பியில் தொங்கியதைப் பார்த்த அந்த நொடியில், அங்கே இல்லாத தாய்களைத்தான் அவர் எண்ணினார்.

பிறகு கதவு உடைந்தது, ஆட்கள் நுழைந்தார்கள். வேடம் கலையாமல் இருக்க தங்கள் ஆளையும் சேர்த்துப் பிடிப்பதுதான் வழக்கம். இருவரையும் தரையில் குப்புறப் படுக்க வைத்துக் கையைப் பின்னால் கட்டினார்கள். தையல்காரரின் முகம் ஒரு சாண் தூரத்தில் இருந்தது, கன்னம் தரையில் அழுந்தி உதடு கோணியிருந்தது.

“நீ வாயைத் திறக்காதே தம்பி,” என்றார் அவர் மெதுவாக. “உனக்குக் கொழந்த இருக்கு. நான் பாத்துக்கறேன்.”

நம்மாளைத் தனி வண்டியில் ஏற்றினார்கள். தெருமுனை திரும்பியதும் கைவிலங்கைக் கழற்றி, முதுகில் தட்டி, சூடாக ஒரு தேநீரும் கொடுத்தார்கள். பாதிக்கு மேல் குட்டிகள் அன்று மாலைக்குள்ளேயே செத்துப்போயின. மீதி மீட்பு நிலையத்துக்குப் போயின. வளர்ந்த ஒன்று மட்டும் என்றால் அபராதத்தோடு போயிருக்கும். இத்தனை குட்டிகள் என்பதால் பெரிய கடத்தல் வழக்காகிவிட்டது, பல வருஷச் சிறை நிச்சயம் என்றார்கள். அலுவலகத்தில் கைதட்டினார்கள். டீச்சர் அவருடைய அறிக்கையில் சிவப்புப் பேனாவை வைக்கவே இல்லை. மாடிப்படிப் பேச்சு அந்த அறிக்கையில் இல்லை.

அதற்குப் பிறகு அவரால் தன் வாடகை வீட்டுக் குளியலறைக் கம்பியில் துணி போட முடியவில்லை. ஈரத் துவாலை தொங்கினாலே கண் அங்கே போய் நின்றுவிடும், அசைகிறதா என்று பார்க்கும். துவைத்ததையெல்லாம் நாற்காலி முதுகில் காயப்போட்டார். கம்பியையே திருகிக் கழற்றிக் கட்டிலுக்கு அடியில் போட்டார், கழற்றிய இடத்தில் சுவரில் இருந்த இரண்டு ஓட்டைகள் அவரைப் பார்த்தன. கண் என்றால் ஜோடியாகத்தானே இருக்கும். பற்பசையைக் குழைத்து அடைத்தார். அடைத்த பிறகும் அங்கே இருப்பது தெரிந்தது. ஒரு தடவை மீட்பு நிலையத்துக்குப் போனார். அங்கிருந்த விலங்கு மருத்துவர், பிழைத்ததில் ஒரு குட்டி மட்டும் அந்த உறையை விடமாட்டேன் என்கிறது, பிரித்தால் பால் குடிப்பதில்லை, அதனால் துணியோடு விட்டிருக்கிறோம் என்றார். நல்ல தையல், ஒரு நூல்கூடப் பிரியவில்லை என்றும் சொன்னார். வேண்டுமானால் பார்க்கலாம் என்று கூப்பிட்டதற்கு நேரமாகிவிட்டது என்று இவர் கிளம்பிவிட்டார்.

வீட்டிலிருந்து மனைவி வீடியோவில் கூப்பிடுவார். மகள் மஞ்சள் கவுனில் வந்து நிற்பாள். அதை எடுத்து உள்ளே வை என்று இவர் எரிந்து விழுந்தார். நல்லாத்தானே இருக்கு, அவ கழட்டவே மாட்டேங்கறா என்றார் மனைவி. என்ன, தேவாங்கு மாதிரி முழிக்கறீங்க, உடம்பு கிடம்பு சரியில்லையா என்று கேட்டார். சிக்னல் சரியில்லை என்று சொல்லி இவர் வைத்துவிட்டார்.

வேடத்துக்கென்று கொடுத்த போனைச் சில வாரம் அணைக்காமல் வைத்திருக்க வேண்டும் என்பது இன்னொரு வழக்கம். வேறு வியாபாரிகள் யாராவது கூப்பிடுகிறார்களா என்று பார்ப்பதற்கு. யாரும் கூப்பிடவில்லை. ஒரு மத்தியானம், இவர் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தபோது, அது அடித்தது. அண்ணி.

கடைக்கு முத்திரை வைத்துவிட்டார்கள், தங்கை வீட்டில் இருக்கிறேன் என்றார். உங்களை ஆதாரமில்லை என்று விட்டுவிட்டார்களாமே, அதைக் கேட்டதும் உங்க அண்ணனுக்கு எவ்வளவு நிம்மதி தெரியுமா என்றார். அழவில்லை. குரல் மட்டும் நூல் தீர்ந்த மிஷின் போல வெறுமனே ஓடியது. அரசாங்கம் வைத்துக் கொடுத்த வக்கீல், குட்டிகளை யாராவது கொண்டுவரச் சொன்னார்களா என்று கேட்டாராம். சொன்னவர் ஒருவர் இருந்தால் தையல்காரர் வெறும் கையாள் ஆகிவிடுவார், தண்டனை பாதிக்கு மேல் குறையும். சொன்னது அரசாங்கப் பக்கத்து ஆள் என்றால் குட்டிகள் பேரில் வழக்கே நிற்காதாம். யாருமில்லை, எல்லாம் நானே செய்தது என்று தையல்காரர் ஒரே பிடியாக நிற்கிறாராம்.

“எனக்கு இதுல சம்மதமில்ல தம்பி. மறைச்சுப் பேசத் தெரியாது எனக்கு. மூச்சு முட்டற பிள்ளைய வெச்சுக்கிட்டு அவன் உள்ள போகக் கூடாதுங்கறார். அவருக்கு வயசென்ன கொறைவா? நீங்களா வந்து ஒரு வார்த்த சொன்னாத்தான் உண்டு.”

யோசித்துச் சொல்கிறேன் என்றார் நம்மாள். மாடியில் சொன்ன அதே பதில்தான். வெங்காயம் நறுக்கிய கையோடு முகத்தைத் துடைத்துக்கொண்டு வெகுநேரம் கண் எரிய உட்கார்ந்திருந்தார். பிறகு அலுவலகம் போய் டீச்சரிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டார்.

அந்த அம்மாள் கெட்டவர் இல்லை. செத்த குட்டிகளைத் துணியில் சுற்றிப் பெட்டியில் அடுக்கியவரே அவர்தான். கதவைச் சாத்திவிட்டுக் கேட்டார். கேட்டு முடித்ததும், பதிவில் இல்லை, அறிக்கையில் இல்லை, பிடிபட்டவனே இல்லை என்கிறான், நீ மட்டும் இருக்கிறது என்கிறாய் என்றார். நீ சொன்னால் இந்த வழக்கு மட்டும் போகாது, நீ இதுவரை செய்த அத்தனை வழக்குகளையும் தோண்டி எடுப்பார்கள், உள்ளே இருக்கிற கிளி வியாபாரியும் தந்தக்காரனும் வெளியே வருவார்கள். சொல்லாதே என்று நான் சொல்லமாட்டேன், சொல் என்றும் சொல்லமாட்டேன் என்றார். அவர் கையில் சிவப்புப் பேனா மூடி கழற்றாமல் இருந்தது.

வக்கீலையே போய்ப் பார்த்துவிடலாம் என்று ஒருநாள் கிளம்பினார். அந்தக் கட்டிடத்தின் லிஃப்ட் திறந்தது. உள்ளே ஒரு பெண், இடுப்பில் குழந்தை. அது தாயின் ரவிக்கையைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டு இவரைப் பார்த்தது. இவரால் காலை உள்ளே எடுத்து வைக்க முடியவில்லை. அதனால்தான் திரும்பி வந்தேன் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டார். படி ஏறிப் போயிருக்கலாம், இரண்டாவது மாடிதான்.

கடைசியில் அண்ணியிடமே சொல்லிவிடுவது என்று முடிவு செய்தார். முகம் பார்க்காமல் சொல்லிவிடலாம், அவர் வக்கீலிடம் சொல்லட்டும், பிறகு கூப்பிட்டால் போய் நின்றுதானே ஆக வேண்டும். நல்ல வெயில் நேரத்தில், சன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு கூப்பிட்டார். மனப்பாடம் செய்ததுபோலச் சொன்னார்.

“அண்ணி, நான் வியாபாரி இல்ல. உங்களப் பிடிக்க வந்த அதிகாரி. அன்னிக்கு வெலங்கு மாட்டினதெல்லாம் நாடகம். குட்டி வேணும்னு கேட்டது நான்தான். நீங்க வக்கீல்கிட்ட இதைச் சொல்லுங்க. நான் வந்து ஒத்துக்கறேன்.”

திட்டுவார், சபிப்பார் என்று காத்திருந்தார். அதற்காகத்தான் கூப்பிட்டதே.

“அடிச்சாங்களா தம்பி?” என்றார் அண்ணி.

இவருக்குப் புரியவில்லை.

“பக்கத்துல யாராவது நிக்கறாங்களா? நின்னா ஒண்ணும் பேச வேணாம். லேசா இருமுங்க, போதும்.”

யாருமில்லை அண்ணி, சத்தியமாக யாருமில்லை, நான் சொல்வது உண்மை என்று இவர் திரும்பத் திரும்பச் சொன்னார். சொல்லச் சொல்லக் குரல் உடைந்தது. அது இன்னும் மோசமாகப் போயிற்று. அந்தப் பக்கத்தில் அவர், சரி தம்பி, புரியுது, நீங்க பதறாதீங்க, பாப்பா எப்படி இருக்கு என்று கேட்டார். இவர் பதில் சொல்வதற்குள் வைத்துவிட்டார். உண்மையை முக்கால் பங்கு கலந்து கலந்து கட்டிய பொய், மீதிக் கால் பங்கு உண்மை நுழைய அதில் இடமில்லை.

மறுபடி ஒரு தடவைதான் அண்ணி கூப்பிட்டார். சிறையில் போய்ப் பார்த்தபோது விஷயத்தைச் சொன்னாராம். தையல்காரர் தலையைத் தலையை ஆட்டினாராம். அவனை மிரட்டிப் பேச வைக்கிறார்கள், நான் போய் அந்த வக்கீலிடம் அவன் பேரைச் சொன்னால் அடுத்த நாளே அவனை உள்ளே தள்ளுவார்கள், இதெல்லாம் எனக்குப் போடுகிற தூண்டில் என்றாராம். இனிமே இந்த போன்ல பேச வேண்டாம் தம்பி, உங்களுக்குத்தான் ஆபத்து என்று சொல்லி வைத்தார். சில நாளில் அலுவலகமும் போனைத் திருப்பி வாங்கிக்கொண்டது.

தீர்ப்பு நாளன்று நம்மாள் கோர்ட்டுக்குப் போனார். போகக் கூடாது, வேடம் போட்ட ஆள் அந்தப் பக்கமே தலைகாட்டக் கூடாது என்பது விதி. போனார். நல்ல சட்டை போட்டுக்கொண்டு, சொல்ல வேண்டியதை அந்த நாட்டு மொழியில் வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு போனார். இன்றைக்குச் சொல்லிவிடுவார் என்று நான்கூட நிச்சயமாகச் சொல்லியிருப்பேன், அவ்வளவு உறுதியாக இருந்தார். மனைவிக்குக்கூட, வேலை போனாலும் போகும், ஊருக்கு வந்துவிடுவேன் என்று செய்தி அனுப்பியிருந்தார்.

சின்ன அறை. மரப் பலகைச் சுவர், மேலே குழல்விளக்கு, ஏசிச் சத்தம். பார்க்க வந்தவர்களென்று நாலைந்து பேர். அண்ணி இல்லை, பார்க்கத் தெம்பில்லாமல் வெளியே எங்கோ உட்கார்ந்திருந்தார். நம்மாள் கடைசி வரிசையில் உட்கார்ந்தார். தையல்காரர் பாதியாக இளைத்திருந்தார், சட்டை தோளில் நிற்கவில்லை. தன் சட்டையைப் பிடித்துத் தைத்துக்கொள்ளக்கூட ஊசி நூல் கொடுக்கமாட்டார்கள் போலிருக்கிறது. அவருக்குப் பக்கத்தில் மொழிபெயர்ப்பாளர் நின்றார். எந்தச் சின்ன வார்த்தையையும் விடாமல் இங்கிருந்து அங்கும் அங்கிருந்து இங்கும் மாற்றிச் சொல்கிற மனிதர்.

நீதிபதி கடைசியாக ஒரு தடவை கேட்டார். இத்தனை குட்டிகளைக் கொண்டுவர யாராவது உன்னைத் தூண்டினார்களா, இப்போதும் சொல்லலாம் என்றார். மொழிபெயர்ப்பாளர் தமிழில் கேட்டார்.

“யாரும் இல்லீங்க,” என்றார் தையல்காரர். “எல்லாம் என் யோசனதான்.”

நம்மாள் எழுந்து நின்றார்.

நாற்காலி கிறீச்சிட்டது, எல்லோரும் திரும்பினார்கள். தையல்காரரும் திரும்பினார். பார்த்தார். ஒரு நொடி அவர் கண்ணில் திகில் வந்தது, தனக்காக இல்லை. அடுத்த நொடி அதைத் துடைத்துப்போட்டுவிட்டு, தெருவில் போகிற யாரையோ பார்ப்பதுபோல இவரைப் பார்த்தார். யார் அது, இந்த வழக்கில் சம்பந்தப்பட்டவரா என்று நீதிபதி கேட்டார். மொழிபெயர்ப்பாளர் தையல்காரரிடம், தெரிந்தவரா என்று கேட்டார்.

“பாத்ததே இல்லீங்க,” என்றார் தையல்காரர். பெரிய நடிகர், நம்மாளைவிடப் பெரிய நடிகர்.

நீதிபதி இப்போது நேராக இவரைக் கேட்டார். என்ன வேண்டும் உங்களுக்கு?

வழியெல்லாம் சொல்லிப் பார்த்த வாக்கியம் வாயில் தயாராக இருந்தது. நாக்கு நுனிவரை வந்துவிட்டது. தையல்காரர் நீதிபதியின் பக்கம் முகத்தைத் திருப்பி வைத்துக்கொண்டு, கீழே, தொடைக்குப் பக்கத்தில், விரல்களை மட்டும் போ, போ என்று அசைத்தார்.

“மன்னிக்கணும்,” என்றார் நம்மாள் அந்த நாட்டு மொழியில். “அறை மாறி வந்துவிட்டேன்.”

யாரோ லேசாகச் சிரித்தார்கள். வெளியே போகலாம் என்று நீதிபதி கையைக் காட்டினார். கதவை நோக்கி நடந்தபோது நம்மாளுக்கு வந்தது அழுகை இல்லை, வெட்கம்கூட இல்லை. நிம்மதி. உடம்பு பஞ்சாகிவிட்டது. இத்தனை மாதத்தில் அப்படி ஒரு மூச்சு அவர் விட்டதில்லை. அதை அவர் பிற்பாடு எத்தனையோ விதமாகச் சொல்லிப் பார்த்தார், நிம்மதி என்பதைத் தவிர வேறு வார்த்தை கிடைக்கவில்லை. கம்பியும் உறைகளும் ஒருநாள் மங்கிப்போகலாம். அந்த மூச்சு போகாது.

பின்னால் மொழிபெயர்ப்பாளர் தன் கடமையைச் செய்துகொண்டிருந்தார். அந்த ஆள் அறை மாறி வந்துவிட்டாராம் என்று தையல்காரருக்குத் தமிழில் சொன்னார். கதவு சாத்துவதற்குள், அதற்குத் தையல்காரர் சொன்னதும் நம்மாள் காதில் விழுந்தது.

“பாவம், போகட்டும்.”